பொரி இல்லாத வண்டி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் வண்டி நம்பர், ஓடிய கிலோமீட்டர், கீழே என் பெயர், அவ்வளவுதான். எந்த 'ல' எங்கே வரும் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். மலருக்கு டைப் அடிக்கிறவர் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். நான் சொல்லியிருப்பதை மட்டும் மாற்ற வேண்டாம்.

எங்கள் வண்டித் தொழில் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி செயலாளர் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். "கையில கொஞ்சம் காசு வெச்சிகினு பெரிய வண்டி எடுக்கணும்னு எத்தினி பேரு அலையறான். நீ இருவது வருசம் பாத்தவன். எப்படி பாக்கணும்னு எழுது, ஏழுமலை" என்றார். நான் நாலு பேர் முன்னால் பேச மாட்டேன். எழுதுவது இன்னும் கஷ்டம். ஆனால் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அது இல்லை. என் வேலையைப் பற்றி எழுதினால் அந்தோணியின் கறுப்பு வண்டியைப் பற்றி எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது பொய்.

எனக்குச் சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். முதலில் மூன்று வருஷம் கார் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் வண்டி கழுவினேன். பிறகு ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் பழைய கார் விற்கும் யார்டில் சேர்ந்தேன். அங்கேயும் கழுவுகிற வேலைதான். ஒரு நாள் ஒரு வண்டியின் உள்ளே துடைத்துக்கொண்டே, "இதுல எங்கியோ எலி செத்துக் கெடக்குது" என்று எனக்கு நானே சொன்னேன். பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். ஏசி பெட்டியைக் கழற்றச் சொன்னார். எலி இருந்தது. மறுநாளிலிருந்து வாளியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அவர் கூடவே நடக்கச் சொன்னார்.

அவர் பெயர் சண்முகவேல். தென்காசிப் பக்கம். ஒல்லியான ஆள், சட்டையின் மேல் பொத்தானை எப்போதும் திறந்தே வைத்திருப்பார். வண்டி வந்ததும் பக்கத்தில் போக மாட்டார். பத்தடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேசாமல் பார்ப்பார். விற்க வந்தவன் பேசிக்கொண்டே இருப்பான். எல்லாம் கேட்டுக்கொண்டு மேல் பொத்தானைப் போட்டால், அந்த வண்டி வேண்டாம் என்று எங்களுக்கு அர்த்தம். வாயால் மட்டும் எந்த வண்டியையும் குறை சொன்னதில்லை. "வண்டி நல்லாத்தான் இருக்கு. நமக்கு ஒத்து வராது, பாத்துக்கிடுங்க" என்பார்.

இன்னொரு பழக்கம். எந்த வண்டிக்குள் ஏறினாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். உடைக்கப் போகிற வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். ஏன் சார் என்று கேட்டதற்கு, "அடுத்தவன் வீட்டுக்குள்ள செருப்போட போவியாவே?" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த வரிசையைச் செயலாளர் கேட்டதற்காக எழுதுகிறேன். பெரிய வண்டி பழையதாக வாங்குகிறவர்களுக்கு இது உதவும்.

வண்டியை நாலு கண்ணாடியும் ஏற்றி வெயிலில் ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறக்கக் கூடாது. சென்ட்டு, பொம்மை, பூ எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கும். பின்னால் இடதுபக்கக் கதவைத் திறந்து, முட்டி போட்டு, முன் சீட்டுக்கு அடியில் முகத்தைக் கொண்டுபோய் ஒரே ஒரு மூச்சு இழுக்க வேண்டும். முதல் மூச்சில் தெரிவதுதான். அதற்கப்புறம் மூக்கு பழகிவிடும். பெரிய விலை வண்டிகளில் முக்கியமான கரண்ட் பெட்டி ஒன்று முன் சீட்டுக் காலடியில் கம்பளத்துக்குக் கீழே இருக்கும். மேலே கம்பளம் காய்ந்திருக்கும், கீழே இருக்கிற பஞ்சு ஆறு மாதமானாலும் காயாது. கையால் தொட்டால் தெரியாது. ஊறின சாக்கு மாதிரி ஒரு வாடை வரும். அவ்வளவுதான் அடையாளம்.

அடுத்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து நுனியைப் பார்க்க வேண்டும். பின்னால் ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பார்க்க வேண்டும். பிறகு முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடத்தில், கறுப்பு பிளாஸ்டிக் சல்லடையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் விழும் மழைத் தண்ணீர் அதன் கீழே இருக்கிற குழி வழியாகத்தான் தரைக்கு இறங்கும். இன்ஜினைக் கடைசியில்தான் போட வேண்டும். "சத்தத்தக் கேட்டா ஆசை வந்துரும்வே. ஆசை வந்தப்பறம் கண்ணு தெரியாது" என்பார் சார்.

அந்தச் சல்லடையைப் பற்றித்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்து இரண்டாம் வருஷம் ஒருவர் வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய வண்டி கொண்டுவந்தார். வடநாட்டு வண்டி, அங்கேயே ஓடியது, போன மாதம்தான் இங்கே வந்தது என்றார். சார் பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சல்லடையைத் தூக்கினேன். குழியின் ஓரத்தில் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் கீறினேன். பொரி. ஊறிக் கூழாகி, தூசியோடு சேர்ந்து காய்ந்த பொரி. நடுநடுவே பொட்டுக்கடலை, கறுத்துப்போன சாமந்தி இதழ். ஒரு அடுக்குப் பொரி, மேலே ஒரு அடுக்கு மண், மறுபடி பொரி. இங்கே எல்லாரும் ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, கண்ணாடி மேல் பொரியும் பூவும் அள்ளிப் போடுவோம். அது வைப்பர் சந்து வழியாக உள்ளே போய்விடும். யாரும் எடுப்பதில்லை.

நான் சாரிடம் போய், "மூணு ஆயுத பூஜை பாத்த வண்டி சார்" என்றேன், மெதுவாக.

அவர் சிரிக்கவில்லை. மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அந்த ஆள் போன பிறகு, "வண்டி நல்ல வண்டிதான்வே. ஆளுதான் பொய்யி. ஊரு பேரு மாத்திச் சொல்லுதவன் வேற என்ன மாத்தியிருப்பானோ" என்றார். பிறகு இன்னொன்று சொன்னார். "இந்தப் பக்கத்து வண்டில பொரி கெடந்தா பயப்படாத. யாரும் கை வைக்கலனு அர்த்தம். பொரியே இல்லாம கழுவின தட்டு மாதிரி இருந்தா, எவனோ உள்ள கை விட்டிருக்கான். தண்ணி எறங்காம உள்ள போயிருக்கும், அதான் விட்டிருப்பான். அத மறந்துராத."

பல வருஷம் மறக்கவில்லை.

செம்பரம்பாக்கம் ஏரி திறந்த வருஷம் யார்டுக்கு நனைந்த வண்டிகள் வரிசையாக வந்தன. கழுவி, காய வைத்து, சென்ட் அடித்துக் கொண்டுவருவார்கள். சார் என்னைப் பார்ப்பார், நான் தலையை ஆட்டுவேன், அவர் பொத்தானைப் போடுவார். அந்த வருஷம் ஒரு நனைந்த வண்டியும் எங்கள் யார்டு வழியாகப் போகவில்லை. "ஏழுமலை மூக்கு" என்று ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பேர் ஆனது. வெளியாட்களும் வண்டி பார்க்கக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பேசத் தெரியாத எனக்கு அது பெரிய விஷயம். எங்கேயாவது கல்யாணத்துக்குப் போனால், ஓரமாக உட்கார்ந்திருக்கிற என்னைத் தேடிவந்து பேசுவார்கள்.

சார் உடம்பு முடியாமல் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது, "வண்டிக்குள்ள சாம்பிராணி போட விடாதவே. பேப்பர்ல கையெழுத்து போட்டப்பறம் வாங்குனவன் போட்டுக்கிடட்டும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் அவர் இறந்த செய்தி வந்தது. புதிதாக வந்த மேனேஜர், வெள்ளிக்கிழமை தோறும் எல்லா வண்டியிலும் சாம்பிராணிப் புகை போடச் சொன்னார். வாடிக்கையாளர் கதவைத் திறந்தால் கோயில் மாதிரி இருக்க வேண்டுமாம். நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வண்டி பார்ப்பதில்லை என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது எனக்கும் வந்தது. பத்து நாள் காய்ச்சல். உயிர் பிழைத்தேன், அதுவே போதும் என்று இருந்தோம். வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் இருக்கும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, "இன்னா கொழம்பு?" என்று கேட்டேன். என் மனைவி கௌரி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"கருவாட்டுக் கொழம்பு. தெருமுனைலியே மோப்பம் புடிச்சிகினு வருவ. தட்டுல போட்டப்பறம் இன்னா கொழம்புனு கேக்கற?"

தட்டை மூக்கருகில் தூக்கினேன். ஒன்றும் இல்லை. அடுப்பில் தாளிப்பு கருகும்போது பக்கத்தில் போய் நின்றேன், கண் எரிந்தது, வாசனை இல்லை. "கொஞ்ச நாள்ல வந்துரும்" என்றாள் கௌரி. வரவில்லை. டாக்டரும், வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

யார்டில் நான் சொல்லவில்லை. முதலில், நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லவில்லை. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. எனக்கு வேறு என்ன தெரியும்? கம்ப்யூட்டர் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. இந்த ஐம்பது வயதில் மறுபடி வாளியைத் தூக்க வேண்டும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். வண்டிக்குள் துடைக்கிற முனியம்மாவை முதலில் ஏறச் சொல்வேன். அவளைச் சோதிக்கிற மாதிரி, "இன்னா வாசன சொல்லு" என்பேன். அவள் சொன்னதையே நான் சொல்வேன்.

"யோவ், உன் மூக்குக்கு இன்னா பூட்டு போட்டுகீதா? எப்பப் பாரு என்னிய மோந்து பாக்கச் சொல்ற. பேசாம உன் சம்பளத்துல பாதிய எனக்கு குட்த்துடு" என்று ஒரு நாள் எல்லார் முன்னாலும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு என் சட்டை முழுக்க வேர்வை.

அந்தோணி வந்தது அதற்கு அடுத்த தை மாதம்.

அந்தோணி குன்றத்தூரில் இருக்கிறார். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் ஷிப்ட் வேனை ஓட்டியவர். கம்பெனி ஆட்களை விடியற்காலையில் ஏற்றிவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிற வேலை. யார்டு வாசலில் டீக்கடையில் எங்களுக்குப் பழக்கம். ஒரு கம்பெனியில் கொரியா ஆபீசர் ஒருவருக்கு மாத வாடகைக்கு வண்டி கேட்டிருந்தார்கள். ஏர்போர்ட்டுக்கும் வீட்டுக்கும் ஓட வேண்டும். ஏழு பேர் உட்காருகிற பெரிய வண்டி, பெரிய பேர் உள்ள வண்டியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. புதிது வாங்க அந்தோணியின் அப்பா சொத்து வைத்திருக்கவில்லை. அந்தோணியின் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தாய்வீட்டில் கொடுத்த மனை ஒன்று இருந்தது. அதை விற்றுவிட்டு இரண்டு பேருமாக வந்தார்கள்.

"ஓனர் ஆவணும்ணா" என்றார் அந்தோணி. "எத்தினி வருசம் அடுத்தவன் வண்டியத் தொடச்சிகினே கெடக்கறது. நீ பாத்து ஒரு வண்டி எடுத்துக் குடு. உன் பேச்சுக்கு மேல எனக்கு பேச்சு இல்ல."

"அண்ணா, இவர நம்பாதீங்க. எத காட்னாலும் சூப்பரா கீதுனு சொல்வாரு. கல்யாணத்துக்கு என்னைப் பாக்க வந்தப்பவும் அப்படித்தான், தல நிமிராமயே புடிச்சிகீதுன்னாரு" என்றார் ஸ்டெல்லா.

"நிமிந்திருந்தா யோசிச்சிருப்பேன்" என்றார் அந்தோணி. அந்த அம்மா அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

அவர்கள் கைக்கு எட்டுகிற விலையில் மூன்று வண்டிகள் இருந்தன. சாம்பல் நிற வண்டி அடிபட்டுத் தட்டி எடுத்தது, பெயின்ட்டைப் பார்த்ததுமே தெரிந்தது, ஒதுக்கிவிட்டேன். வெள்ளை வண்டி நிறைய ஓடியது. சீட் தோல் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. பின் சீட்டுச் சந்தில் குழந்தை தின்ற மிட்டாய்க் குச்சி இருந்தது. ஆனால் சர்வீஸ் செய்த பேப்பர் ஒன்று விடாமல் பைலில் இருந்தது. கறுப்பு வண்டி குறைவாக ஓடியது. சீட் பளபளவென்று இருந்தது. விலை இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எல்லா வண்டியிலும் காலையிலேயே புகை போட்டாகிவிட்டது.

வெள்ளை வண்டியின் சல்லடையைத் தூக்கினேன். பொரி. நாலைந்து வருஷத்துப் பொரி கட்டிதட்டிக் கிடந்தது. அருகம்புல் வேறு. அசிங்கமாக இருந்தது. அந்தோணி எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். கறுப்பு வண்டியின் சல்லடையைத் தூக்கினேன். கழுவின தட்டு மாதிரி இருந்தது. முன் பம்பருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிய நூல் அறுந்து தொங்கியது. கதவின் ஓரத்தில் பழைய சந்தனப் பொட்டின் கறை இருந்தது. பூஜை போட்ட வீட்டு வண்டி, இந்தப் பக்கத்து வண்டி. ஆனால் பொரி இல்லை. இரண்டையும் என் கண் பார்த்தது. மனது இரண்டையும் சேர்க்கவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் ஒரே ஒரு நினைப்புத்தான் இருந்தது. எனக்கு மூக்கு இல்லை என்று இவர்களுக்குத் தெரியக் கூடாது.

முனியம்மாவை உள்ளே ஏறச் சொன்னேன்.

"இன்னா வாசன?"

"வெள்ளிக்கெழமைல வேற இன்னா வாசன வரும்? சாம்பிராணிதான். கோயில் மாதிரி கீது" என்று இறங்கிப் போய்விட்டாள்.

நானும் முட்டி போட்டேன். முன் சீட்டுக்கு அடியில் முகத்தைக் கொண்டுபோனேன். இழுத்தேன். அவர்கள் இரண்டு பேரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணி மூச்சுக்கூட விடாமல் நின்றார், என் கவனம் கலைந்துவிடும் என்று. நான் எழுந்து முட்டியைத் தட்டினேன்.

திங்கட்கிழமை வாங்க என்று சொல்லியிருக்கலாம். மூன்று நாள் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தால் புகை போய்விடும், முனியம்மாவே சொல்லியிருப்பாள். அதைச் சொன்னால், ஏன், இப்போது தெரியவில்லையா என்று கேட்பார்கள்.

"இன்னாணா, ஓகேவா?"

"கறுப்பு எடுத்துக்கோ" என்றேன்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை அந்தோணி வண்டியை யார்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். சட்டை இஸ்திரி போட்டு, கையில் வாட்ச் கட்டி, ஆளே மாறியிருந்தார். முந்தின நாள் குருத்தோலை ஞாயிறு. சர்ச்சில் கொடுத்த ஓலையைச் சிலுவையாக மடித்து வைப்பருக்கு அடியில் செருகியிருந்தார். "நீங்க எல்லாம் பொரி போடறீங்க. நமக்கு இதான்ணா" என்றார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஆபீசர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், வீட்டில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்து அனுப்புகிறார் என்று சொன்னார்.

ஐப்பசி மழை பிடித்தது. ஏர்போர்ட்டிலிருந்து ஆபீசரையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரும்போது, நடு ரோட்டில் வண்டி அணைந்துபோனது. விளக்கு இல்லை, கண்ணாடி இறங்கவில்லை, கதவுப் பூட்டும் திறக்கவில்லை. கொட்டுகிற மழையில், லாரி போகிற ரோட்டில், இருட்டான வண்டிக்குள் மூன்று பேர். ஒரு லாரி சைடு கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. ஆபீசரின் மனைவி அலறினார். கடைசியில் அவர் பின் கண்ணாடியை ஜாக்கியால் உடைத்து அவர்களை இறக்கினார். உயிருக்கு ஒன்றும் இல்லை. மறுநாளே வாடகை நின்றது.

மெக்கானிக் கம்பளத்தைத் தூக்கினார். பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர். கரண்ட் பெட்டி முழுக்கப் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு ஏறியிருந்தது. ஒரு மழையில் வந்ததல்ல, பல வருஷத்து ஈரம் என்றார். மேலே கண்ணாடிக் குழியை யாரோ எப்போதோ திறந்து சுத்தம் செய்து, ரப்பரைச் சரியாக வைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். பெட்டியை மாற்றினால் இன்னொன்று போனது. அதை மாற்றினால் வேறொன்று. பெரிய வண்டியின் ஒவ்வொரு சாமானும் ஒரு சின்ன வண்டி விலை. அந்தோணி மூன்று மாதம் ஓடிப் பார்த்தார். பிறகு பழைய ஷிப்ட் வேன் முதலாளியிடமே திரும்பிப் போனார்.

யார்டுக்கு ஒரு முறை வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏழுமலைணா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். அன்னிக்கி உள்ள தலைய விட்டுப் பாத்தியே. வாசன எதுவும் வரலியா?"

"வரலப்பா" என்றேன்.

அது உண்மை. அதை விடப் பெரிய பொய்யை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவர் தலையை ஆட்டினார். "உனக்கே தெரியலைனா யாருக்குத் தெரியும். என் நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை நம்பிக்கொண்டே போனார்.

அடுத்த வருஷம் முட்டி வலி என்று சொல்லி நான் வேலையை விட்டேன். யாரும் சந்தேகப்படவில்லை.

இந்த ஆவணியில் பாக்கியிருந்த ஒரு பேப்பர் வாங்க யார்டுக்குப் போனேன். இப்போது வேறு கம்பெனி எடுத்து நடத்துகிறது. வண்டி பார்க்கிறவர்கள் எல்லாரும் கையில் சிலேட்டு மாதிரி டேப் வைத்திருக்கிறார்கள். ஒருவர் பேனா மாதிரி ஒரு கருவியைக் காட்டினார். நுனியில் இரண்டு ஊசி. கம்பளத்தில் குத்தினால் கீழே ஈரம் இருந்தால் கத்துகிறது. "மூக்கெல்லாம் தேவையில்லணா இதுக்கு" என்றார், பெருமையாக. கையில் வாங்கிப் பார்த்தேன். சோப்புக் கட்டி அளவு கனம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூருக்குப் போனேன். சர்ச் முடிந்து அந்தோணி வீட்டில் இருந்தார். வாசல் பக்கத்தில் வேப்பமரத்தடியில் கறுப்பு வண்டி நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. நாலு டயரிலும் காற்று இல்லை. துணிக்கொடியின் ஒரு முனையை அதன் மேல்கம்பியில் கட்டியிருந்தார்கள்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"அந்தோணி, நீ அன்னிக்கி ஒன்னு கேட்ட. வாசன வரலியானு."

"ஆமா."

"எனக்கு எந்த வாசனையும் வரதில்லப்பா. கொரோனா வந்ததுலேர்ந்து. நீ வண்டி எடுத்தப்பவும் வரல. இப்பவும் வரல."

ஸ்டெல்லா கதவருகே வந்து நின்றார். அந்தோணி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"என் வூட்ல மட்டும்."

"நான் உன் மூக்க நம்பி வரலணா. உன்ன நம்பி வந்தேன். மூக்கு போயிடுச்சுனு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். எனக்கு மூக்கு கீது. இதோ இவளுக்குக் கீது. ரெண்டு நாள் கழிச்சி வந்து நாங்களே மோந்து பாத்திருப்போம்."

எனக்கு அது ஒரு நாளும் தோன்றியதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தோன்றியதில்லை.

"அந்த மனைல இப்ப மூணு மாடி கட்டிகீறாங்கணா. வேலைக்கு வர்ற பசங்களுக்கு வாடகைக்கு வுட்டுகீறாங்க" என்றார் ஸ்டெல்லா. கோபமாகச் சொல்லவில்லை. ஊர்ச் செய்தி சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தோணி எழுந்து தார்ப்பாயை விலக்கினார். "எங்க பாத்திருக்கணும், காட்டு" என்றார்.

ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிப் பக்கம் போனேன். சல்லடையைத் தூக்கினேன். வேப்பிலைச் சருகு, தூசி, ஒரு காக்கா இறகு. எல்லாவற்றையும் கையால் அள்ளி வெளியே போட்டேன். அடியில், தண்ணீர் இறங்கும் ஓட்டையின் வாயில், காய்ந்து வெளுத்த குருத்தோலைச் சிலுவை ஒன்று கிடந்தது. ஒரு கை ஒடிந்திருந்தது. இன்னும் இருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவினேன். வேறு இல்லை.

ஒரு வண்டி ஒரு வீட்டில் எத்தனை வருஷம் ஓடியது என்று அந்தக் குழியைப் பார்த்துச் சொல்கிறவன் நான். அந்தோணி வீட்டில் அது ஒரே ஒரு குருத்தோலை ஞாயிறு பார்த்திருக்கிறது.

அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, தூசியை ஊதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் சல்லடையைப் பழையபடி பொருத்தினேன். இரண்டு பேருமாகத் தார்ப்பாயை இழுத்து மூடினோம். இதை மலருக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "எழுது. என் பேரையும் போடு" என்றார். பஸ் ஸ்டாப் வரை கூட வருகிறவர், அன்றைக்கு வாசலோடு நின்றுவிட்டார்.

நேற்று ஆயுத பூஜை. இந்தத் தெருவில் நிற்கிற எல்லா வண்டியின் மேலும் பொரி கிடக்கிறது.

பிள்ளைப்பாக்கம்,
புரட்டாசி 16, வியாழக்கிழமை, விஜயதசமி.